அக்காவின் பித்தப்பையும் என் கார்டும்

ஜெர்மனியில் மதியமானால் ஆபீஸ் தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "மால்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வேளைக்குத் தின்பதற்கு ஒரு வணக்கமா! செஞ்சிப் பக்கம் தொண்டூரில் இருக்கும் என் அக்கா கஸ்தூரியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

போன வருடம் செஞ்சியில் ஸ்கேன் எடுத்தபோதே டாக்டரம்மா அவளிடம் சொன்னார். பித்தப்பையில் கல் இருக்கிறது, வயிற்றைக் காயப்போடாதே, வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை, வலியோடு ஜுரம் வந்தால் உடனே ஓடி வா. இவளும் மண்டையை ஆட்டினாள். ஆனால் நான் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்குக் கார்டு கிடைத்ததும், வேண்டிக்கொண்டபடி திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்பு கட்டிக்கொண்டாள். ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் பாதி நாள் வெறும் மோர். பட்டினி கிடந்தால் பித்தநீர் பைக்குள்ளேயே தேங்கிக் கெட்டிப்படும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! பக்கத்து மேசை ஹைக்கேயிடம் "அக்கா விரதம் இருக்கிறாள்" என்று புலம்பினால், "எத்தனை கிலோ குறைந்தாள்?" என்று ஆசையாகக் கேட்டாள். இவளுக்கு அம்மனை எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

அன்று சாப்பிடக் கிளம்பும்போது மாமா, அக்காவின் வீட்டுக்காரர், ஃபோன் செய்தார்.

"அக்காவுக்கு வாய்வுடா. ஓமத்தண்ணி குடுத்தோம், அடங்கல."

"நோவு எங்க மாமா?"

"வலப்பக்கம், விலாவுக்குக் கீழ. தோள்பட்ட வரிக்கும் ஏறுதாம். ஜுரம் வேற கொதிக்குது."

வாய்வாவது மண்ணாவது! கல் அடைத்துப் பை வீங்கியிருக்கிறது. விட்டால் சீழ் பிடித்து வெடித்துவிடும். ஆட்டோ வாசலிலேயே நிற்கிறதாம், அவள்தான் ஏற மாட்டேன் என்கிறாளாம். காப்பு கட்டியவர்கள் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அக்கா ஃபோனை வாங்கினாள். "உனக்காக வேண்டிக்கினதுடா. எல்ல தாண்டுனா உனுக்கு எதுனா ஆயிடும்."

"அக்கா, நீ செத்துடுவ!"

"ஆத்தா பாத்துக்குவா."

கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைசியில் ஆத்திரத்தில் வாயில் வந்தது இதுதான்: "நீ ஆட்டோ ஏறலன்னா இந்தக் கார்ட இன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டு ஊருக்கே வந்துடுறன். அப்புறம் நீ தீ மிதிச்சு இன்னா பிரயோஜனம்?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"வேணான்டா. நீ அங்கியே இரு. நான் போறன்."

நான் திரும்பி வந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் எல்லையைத் தாண்டினாள்.

செஞ்சியில் ஊசி போட்டு ஜுரத்தை அடக்கி, பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். வீடியோவில் பார்த்தேன். கட்டிலில் வாடிப்போய்க் கிடந்தாள், ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை தெரிந்தது. நோவு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"எல்ல தாண்டிட்டனேடா. உன் கார்ட வெள்ளக்காரன் புடுங்கிக்க மாட்டானே?"

"மாட்டான்க்கா."

இப்போதே ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் போய் நின்றால், என்னை இங்கிருந்து துரத்திவிட்டார்கள் என்று நினைத்து அவள் பயந்துவிடுவாள்.