செல்லூரில் வைத்த பை

விசாகப்பட்டினத்துக்குக் காரிலேயே போய்விடலாம் என்று நான் சொன்னதும் என் மனைவி எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியைப் புரட்டினாள்.

"புதன்கிழமை வடக்கே சூலமுங்க. அன்னைக்கு அந்தத் திசையில கிளம்பக் கூடாது" என்றாள்.

"லீவு புதன்கிழமையிலேருந்துதான் குடுத்திருக்காங்க. வேணும்னா சூலத்துக்கிட்ட நீயே போய்ப் பேசிட்டு வா" என்றேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கோப்பு தள்ளியதில் வந்த வியாதி அது என்று அவள் சொல்வாள். உசிலம்பட்டியிலிருந்து வரும்போதே கொண்டுவந்தது என்பது என் எண்ணம். எப்படியோ, அந்த வாரம் எனக்கு வந்த கோபத்துக்கெல்லாம் காரணம் வேறு.

விசாகப்பட்டினத்தில் இருப்பது என் ஒரே தங்கை. அவள் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அவர்கள் மகளுக்குச் சனிக்கிழமை காதுகுத்து. எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே மாமன் நான். கையை வீசிக்கொண்டு போகவும் முடியாது, சீர் கொண்டுபோக வேண்டும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பட்டுப்பாவாடை, இரண்டு வாழைத்தார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் அசையவே இல்லை. தங்கை தினமும் போன் செய்தாள். "அண்ணே, நீ வந்தாத்தான் காது குத்துவோம். எதுல வருவியோ, வந்து சேந்துரு."

ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு பழைய நோட்டில் திட்டம் எழுதினேன். புதன் இரவு செங்கல்பட்டில் தங்கல், வியாழன் இரவு விஜயவாடா, வெள்ளி மாலை விசாகப்பட்டினம். எங்கே டீசல் போடுவது, எங்கே சாப்பிடுவது, எந்த ஊரில் நெரிசல் வரும் என்று ஒவ்வொன்றையும் நம்பர் போட்டு எழுதினேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, மந்திரி டூர் புரோகிராம் மாதிரியில்ல இருக்கு" என்றார்.

அந்த நோட்டில் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது. பத்து நாளைக்கு முன்னால், கண்ணாடியை மாற்றலாம் என்று ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தேன். அவர் ஒரு பெட்டிக்குள் என் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். இடது கண்ணுக்கு வந்தபோது வெகுநேரம் அழுத்த வேலையே இல்லை. மெஷின் பழுது என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, இடது பக்க ஓரப் பார்வை ரொம்பப் போயிருச்சு. நேராப் பாக்கும்போது எல்லாம் தெரியிற மாதிரிதான் இருக்கும். பக்கத்துல வர்றது தெரியாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தணும்னா இந்தச் சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது. இனி நீங்க வண்டி ஓட்டாதீங்க" என்றார் டாக்டர்.

"சரிங்க டாக்டர்" என்றேன். வெளியே வந்து காரை எடுத்து நானே ஓட்டிக்கொண்டு நாகமலை புதுக்கோட்டை வந்து சேர்ந்தேன். மனைவியிடம், "பவர் கொஞ்சம் மாறியிருக்காம்" என்று சொன்னேன். பயம்தான், வேறொன்றுமில்லை. வண்டி ஓட்டாதே என்றால் ஒரு காலை எடுத்துவிடுகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. காதுகுத்து முடியட்டும், போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம், ஒரே ஒரு பயணம்தானே என்று எனக்கு நானே தவணை வாங்கினேன்.

ரிப்போர்ட்டையும் சொட்டு மருந்தையும் என் ஊதாநிறத் தோள்பையின் உள் ஜிப்பில் வைத்தேன். அந்தப் பையை அவள் தொட மாட்டாள். காலையும் மாலையும் பையோடு குளியலறைக்குள் போய் மருந்து விட்டுக்கொண்டு வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் திருட்டு பீடி குடிக்கிறவன் மாதிரி இருந்தது.

இதற்கிடையில் சாப்பாட்டில் வேறு ஒரு தகராறு. கொஞ்ச நாளாக அவள் தண்ணீர் டம்ளரை என் வலது பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறவனுக்கு இடது பக்கம்தானே வைப்பார்கள்? "சோத்துக் கையால எடுத்துக் குடிக்கவா?" என்று கத்தினேன். மறுநாளும் டம்ளர் வலது பக்கமே இருந்தது.

சூலத்துக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணம் போகிறவனுடைய பை ஒன்றை அந்தத் திசையில் இருக்கிற இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே நிபந்தனை, வைத்த பையைத் திறக்கவும் கூடாது, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரவும் கூடாது. அப்படிச் செய்தால் பயணம் முறிந்தது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டயருக்குக் காற்றுப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல நேரத்துல பரஸ்தானம் அனுப்பிட்டேங்க. அக்கா வீட்டுக்காரர் வந்தாரு, செல்லூருக்குக் குடுத்துவிட்டேன். நீங்க தினம் கையில வச்சிருக்கிறதா இருக்கணும்னு அக்கா சொல்லிச்சு. அதான் அந்த ஊதாப் பையிலயே வேட்டி, துண்டெல்லாம் வச்சு அனுப்பிட்டேன்."

"யாரைக் கேட்டு எடுத்த?" என்று கத்தினேன்.

"உங்க பயணத்துக்கு உங்க பையத்தான அனுப்ப முடியும்?" என்றாள்.

திங்கட்கிழமை மருந்துக் கடைக்குப் போனேன். மருந்தின் பெயர் நினைவில் இல்லை. பச்சை மூடி என்றேன். கடைக்காரர் பச்சை மூடி போட்ட நாலு மருந்தை வரிசையாக வைத்து, "இதுல எதுண்ணே? சீட்டு இல்லாம கண் மருந்து தர மாட்டேன்" என்றார். சீட்டும் பைக்குள்தான் இருந்தது. திரும்ப டாக்டரிடம் போய் நிற்கத் தைரியமில்லை. எதில் வந்தீர்கள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

மாலையில் செல்லூருக்குப் போனேன். மனைவியின் அக்கா வாசலிலேயே வரவேற்றார். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"மதினி, அந்தப் பையைக் கொஞ்சம் குடுங்க. ஒரு சாமான் எடுத்துட்டுத் தாரேன்."

"பரஸ்தானம் வச்ச பையில கை வைக்கலாமா தம்பி? தங்கச்சி என்னைய என்ன சொல்லுவா?"

"அவளுக்குத் தெரிய வேணாம்."

"என்ன சாமான்னு சொல்லுங்க. அம்புட்டு அவசரம்னா நான் தாரேன்."

"சவரம் பண்ற ரேசர்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் உள்ளே போய்த் தன் கணவருக்கு வாங்கி வைத்திருந்த புது ரேசரை உறை பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். பீரோவின் மேல் என் ஊதாப் பை இருந்தது. ஒரு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். ஆனால் அவர் பைக்குக் குங்குமமெல்லாம் வைத்திருந்தார். ரேசரை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

காரை எடுத்துக்கொண்டு அந்தக் குறுகிய தெருவில் மெதுவாகத்தான் வந்தேன். இடது பக்கம் ஏதோ உரசுகிற சத்தம், பிறகு காரின் பக்கக் கண்ணாடி மடங்குகிற சத்தம். பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒருவர் சைக்கிளோடு சுவரில் சாய்ந்து கிடந்தார். சைக்கிளின் பின்னால் நூல் மூட்டை. ஆள் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்து வரத் தெரியாதா?" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

அவர் நிதானமாக எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டார். "நான் நின்னுக்கிட்டுல்ல இருந்தேன். இம்புட்டுப் பெரிய மூட்டை உங்களுக்குத் தெரியலையாண்ணே?" என்றார். அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். மூட்டையைத் தூக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் புளியோதரை கட்டினாள், முறுக்கு டப்பாவை அடைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை. "ஏங்க, நான் பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே வரணுமா, இல்ல தூங்கலாமா?" என்று கேட்டாள். "தூங்கு" என்றேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் நோட்டைத் திறந்து விஜயவாடா வழியைச் சரிபார்த்தேன். மருந்து விட்டு மூன்றாவது நாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்டா, குத்துவிளக்கு, வாழைத்தார் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். செல்லூர் வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே ஓட்டினேன். மதினி வாசலில் பையோடு நின்றார். மனைவி இறங்கி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முன் இருக்கையில் என் இடது பக்கம் உட்கார்ந்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பிவிட்டு நேராகத் தெருவைப் பார்த்தேன்.

பக்கத்தில் அவள் இல்லை.

சத்தம் வந்தது. மல்லிகைப்பூ வாசம் வந்தது. "போலாங்க" என்றுகூடச் சொன்னாள். ஆனால் தெருவைப் பார்க்கிற என் பார்வையில் அவள் சேலையின் ஓரம்கூட இல்லை. கழுத்தைத் திருப்பினேன், இருந்தாள். நேராகப் பார்த்தேன், இல்லை. இத்தனை நாளாக அந்த இருக்கையில் அவளை வைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன். இல்லாமல் போனதைக் கவனிக்கவே இல்லை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன்.

"பையைத் திற. உள் ஜிப்புல ஒரு காகிதம் இருக்கு."

அவள் படித்தாள். இங்கிலீஷ் வார்த்தைகளைத் தாண்டி, கீழே டாக்டர் தமிழில் எழுதியிருந்த வரிக்கு வந்து நின்றாள். வண்டி ஓட்டக் கூடாது. தேதியைப் பார்த்தாள்.

"உங்க கை மரத்துப் போச்சுன்னு நினைச்சேன்" என்றாள். "இடது பக்கம் வைக்கிற டம்ளரையெல்லாம் தட்டித் தட்டி விடுவீங்க. கேட்டா வைவீங்கன்னுதான் நானே வலது பக்கமா மாத்தி வச்சேன். கண்ணுன்னு தோணவே இல்ல."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"தெரிஞ்சே என்னைய உக்கார வச்சு ஓட்டப் பாத்தீங்களே."

இறங்கி அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். பை இருக்கையிலேயே கிடந்தது. மருந்தை எடுத்து இடது கண்ணில் விட்டுக்கொண்டேன். வழிந்ததில் மருந்து எது, மற்றது எது என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னலுக்கு வந்த மதினி என்னைப் பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி ரேசர் கேட்டீங்க?" என்று மட்டும் சொன்னார்.

நான் தங்கைக்குப் போன் செய்யப் போனேன், வரவில்லை என்று சொல்ல. மனைவி வெளியே வந்து போனை வாங்கி வைத்தாள். "பரஸ்தானம் வச்சாச்சு. திரும்பிப் போகக் கூடாது" என்றாள். அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லி ஆக்டிங் டிரைவர் ஒருவருக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அவர் வந்து சேரப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. நல்ல நேரமெல்லாம் எப்போதோ போயிருந்தது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

டிரைவர் சீட்டைச் சரிசெய்து உட்கார்ந்தார். நோட்டை அவரிடம் நீட்டினேன். "எனக்கு ரூட் தெரியும் சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குத்துவிளக்கை முன் சீட்டில் வைத்துக் கட்டியாயிற்று. நான் பின்னால் ஏறி வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். எப்போதும் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தே பழக்கம்.

அதுவரை முகம் கொடுக்காதவள், கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"தள்ளி அந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள்.

இடது ஓரத்துக்கு நகர்ந்தேன். அவள் ஏறி என் வலது பக்கத்தில் உட்கார்ந்து ஊதாப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி பெரிய ரோட்டுக்கு வந்தது. நான் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தெரிந்தாள்.