பந்தின் மேல் நிற்கிறவர்

ஆர்வில் ஹ்ருஸ்கா நெப்ராஸ்காவில் சோளம் விதைத்துப் பிழைத்தவர். ஆனால் அவர் உயிர் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக் கால்பந்தில்தான் இருந்தது. காலால் உதைக்கிற நம்மூர்க் கால்பந்து இல்லை இது. பள்ளிப் பையன்கள் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணி கட்டிப்பிடித்து உருட்டும். விழுந்த இடத்துக்கு நேராக ஓரத்து நடுவர் காலை ஊன்றி நிற்பார். அந்தக் காலைப் பார்த்துப் பந்தை வைப்பது நடு மைதானத்து நடுவரான ஆர்விலின் வேலை. வைத்துவிட்டு அதன் மேலேயே நிற்க வேண்டும். தலைமை நடுவர் விசில் ஊதி, இவர் விலகினால்தான் ஆட்டம் மறுபடி தொடங்கும். பயிற்சியாளர்கள் அவசரப்படுத்திக் கத்துவார்கள். கத்தட்டுமே!

இந்த வருஷம் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தோற்றுக்கொண்டிருந்த அணிக்குக் கடைசி நிமிடம். கடிகாரம் ஓடுகிறது. அந்த அணிப் பையன் ஒருவன் பந்தைத் தானே வைத்துவிட்டான், அதுவும் ஓரடி முன்னால் தள்ளி.

"வச்சாச்சு சார்! நகருங்க!"

"நீ வச்சா அது சும்மா கிடக்குதுன்னு அர்த்தம். நான் வச்சாத்தான்டா ஆட்டம்."

நொண்டி நொண்டி வந்து பந்தைப் பின்னுக்கு இழுத்து வைத்தார்.

"சினைமாடு இதைவிட வேகமா நடக்கும்யா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அவர் விலகுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வண்டி நிற்குமிடத்தில் தலைமை நடுவர் லைல் மெதுவாக ஆரம்பித்தார். "வச்ச இடம் சரிதான்ப்பா. ஆனா நீ வந்து சேர்றதுக்குள்ள ஆட்டமே போச்சே."

"ஒரு வாரம் ஐஸ் வச்சா சரியாயிடும்."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. இனிமே மேல கண்ணாடி ரூம்ல உக்காந்து, என் கையப் பாத்துக் கடிகாரத்த ஓட்டு, நிறுத்து. ஹீட்டர் இருக்கு, காபி இருக்கு."

"காபிய நீயே குடி."

வீம்பு பேசினாரே தவிர, அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணாடி அறைக்கு வந்து உட்கார்ந்தார். விளையாட்டைவிட்டு வீட்டிலிருக்க முடியுமா அவரால்? பக்கத்தில் ஆடுகிற பையன்களின் பெயரை மைக்கில் சொல்கிற டார்லீன், கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை நீட்டினாள். அவர் தொடவில்லை. கீழே புது ஆள் பந்தை வைத்து, லேசாகக் குனிந்து, அதன் மேல் நின்றான். இரு பக்கமும் பையன்கள் மூச்சிரைத்துக் காத்திருந்தார்கள். அந்த மூச்சுச் சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

விசில் ஊதியாயிற்று.

"கடிகாரம், ஆர்வில்! கடிகாரம்! தூங்கிட்டீங்களா?" என்று கத்தினாள் டார்லீன்.

பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். "பந்தைப் பாத்துட்டிருந்தேன்."

"பந்தை அங்க நிக்கிறவன் பாத்துப்பான். நீங்க தலைமை நடுவர் கையப் பாருங்க."

"கோணலா வைக்கிறான்" என்றார் ஆர்வில்.

அடுத்த விசிலுக்குச் சரியாக அழுத்தினார். கண் மட்டும் மறுபடி பந்துக்கே போயிற்று.