வள்ளம் போன திசை

போன வாரம் கல்கத்தாவில், ஹவுராவுக்குப் போகப் படகுத்துறையில் நின்றிருந்தேன். ஏறுவதற்கு முன் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டைக் கையில் திணித்தார்கள். ஒரு காலத்தில் அது ஆரஞ்சு நிறமாக இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்றவர் அதைத் தலையணைபோல இடுக்கிக்கொண்டு யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் நல்ல பிள்ளையாக மாட்டிக்கொண்டேன். ஈரத்துணி, பழைய ஸ்பாஞ்சு, கொஞ்சம் டீசல் எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. அக்கரை சேரப் பத்து நிமிடம். அதற்குள் நான் என் பதினாறாவது வயதுக்குப் போய்த் திரும்பிவிட்டேன்.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வாரம் எங்காவது போய் வேலை பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுத வேண்டும். ஒருத்தி வங்கிக்குப் போனாள். சுதீப்தா மிருகக்காட்சிசாலைக்குப் போனாள். நீர்யானைக்குத் தீவனம் போட்ட கதையை இப்போதும் கல்யாண வீடுகளில் சொல்கிறாள். என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் எனக்குக் கடலோரக் காவல் படை அலுவலகம் கிடைத்தது. வெள்ளைச் சீருடை, தொலைநோக்கி, காற்றில் பறக்கும் தலைமுடி என்று நான் ஒரு வாரம் முன்பிருந்தே கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன்.

எங்கள் அலிப்பூர் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, சால்ட் லேக்கையும் தாண்டிப் போனால் அது ஒரு அலுவலகம். சாதாரண அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் பாதி கட்டிய அடுக்குமாடிகள்தான் தெரிந்தன, கடல் எங்கேயோ இருந்தது. முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, ஸ்டோர் ரூமில் குவித்திருந்த பழைய லைஃப் ஜாக்கெட்டுகளில் கட்டியிருக்கும் விசில்கள் வேலை செய்கின்றனவா என்று ஊதிப் பார்ப்பது. மூன்றாவது விசிலுக்குள் அந்தத் தளம் முழுவதும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. அந்த நாற்றம் அப்போது மூக்கில் ஏறியதுதான்.

அங்கே எனக்கு மூன்று பேரைத் தெரியும். மிதாலிதி, கிளார்க், டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்தே கொண்டுவருவார். ராவத் சார், இளம் அதிகாரி. கட்வால் மலைக்காரர், கடலைப் பார்த்ததே இருபது வயதில்தானாம். அப்புறம் செல்வம் அண்ணன், கடலூர்க்காரர், படையில் மாலுமி. என் தமிழைக் கேட்டு முதல் நாளே சிரித்தார். "ஏம்மா, டப்பிங் படம் பாத்த மாதிரி இருக்கு நீ பேசறது."

அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மா கும்பகோணம். அவள் தமிழில் திட்டுவாள், நான் வங்க மொழியில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் பல வருஷம் நடந்தது. சாம்பார், குளியல், பரீட்சை, கல்யாணம், கோபம் இவற்றுக்கான தமிழ் என்னிடம் சரளமாக இருந்தது. அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள். அந்தச் சமயத்தில் சாகர் தீவுக்கு நீராடப் போகும் கூட்டத்தால் அலுவலகமே பரபரப்பாக இருக்கும். செல்வம் அண்ணன் லீவில் கிளம்பி சாந்த்ராகாச்சியில் ரயில் ஏறிவிட்டார். மதியம் இரண்டரை மணி இருக்கும். நான் மிதாலிதி கொடுத்த பாட்டிசாப்டாவைத் தின்றுகொண்டிருந்தேன். பாட்டிசாப்டா என்றால் புது வெல்லமும் தேங்காயும் வைத்துச் சுருட்டிய தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது ராவத் சார் வாசலில் வந்து நின்று, உனக்குத் தமிழ் தெரியும் அல்லவா என்றார்.

நடந்தது இது. ஹால்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பல், வழியில் கடலில் மிதந்த மூன்று மீனவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள். சைகையில் கப்பல்காரர்களுக்குப் புரிந்தவரை, அவர்களுடைய விசைப்படகு மூழ்கிவிட்டது. கூட இருந்த இன்னும் இரண்டு பேர் ஒரு சின்ன பைபர் வள்ளத்தில் எங்கோ போய்விட்டார்கள். கப்பல்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, மீனவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டால் ஒடிசாவுக்குள் எங்கோ சிக்னல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். சென்னைக்கும் முயன்றுகொண்டிருந்தார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது நான்.

மேஜைமேல் கடல் வரைபடம் விரித்திருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஆரு பேசுதது?"

"கல்கத்தாலேர்ந்து பேசறேன் அங்கிள்."

"மக்ளே, நான் ஆன்றணி. எங்க அண்ணனும் பீட்டரும் வள்ளத்துல போயிட்டாவ. அவங்களப் பாருங்க மக்ளே."

நடுராத்திரியில் படகுக்குள் தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றிருக்கிறது. பாரம் குறையட்டும் என்று இரண்டு பேரைப் பின்னால் கட்டியிருந்த வள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். பிறகு வள்ளத்தின் கயிறு அறுந்துவிட்டது. இவ்வளவும் எனக்குப் புரிந்தது, பெருமையாகக்கூட இருந்தது. கயிறு எத்தனை மணிக்கு அறுந்தது என்று கேட்கச் சொன்னார் ராவத் சார். அதுதான் முக்கியம் என்றார். அதிகாலை வரை ஒரு பக்கத்திலிருந்தும் அதற்குப் பிறகு வேறு பக்கத்திலிருந்தும் காற்று அடித்திருக்கிறது. எப்போது அறுந்தது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும்.

"மணி தெரியாது மக்ளே. வாடை அடிச்ச பொறவுதான் கயிறு அத்துது. நல்ல வாடை. எங்களால நிக்க முடியல்ல."

ஏதோ மோசமான நாற்றம் வந்ததாம், தாங்க முடியவில்லையாம், அதற்குப் பிறகுதான் அறுந்ததாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ராவத் சாரின் பென்சில் நின்றது. என்ன நாற்றம், டீசலா என்றார்.

"என்ன வாடை அங்கிள்? டீசலா?"

"டீசலா? டீசலெல்லாம் கடல்ல போச்சு மக்ளே."

டீசல் கொட்டிவிட்டதாம் என்றேன். எல்லாம் பொருந்தியது. எஞ்சின் நின்றது நடுராத்திரி. டீசல் கொட்டியது அப்போதுதான் இருக்கும், கயிறும் அதையொட்டியே அறுந்திருக்கும். அந்நேரம் அடித்தது மேற்கிலிருந்து வந்த காற்று. அப்படியானால் வள்ளம் கிழக்கே போயிருக்கும். ராவத் சார் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தபோது போன் துண்டித்துக்கொண்டது. திரும்பத் திரும்ப முயன்றார்கள், கிடைக்கவில்லை. காத்திருக்க நேரமில்லை. வரைபடத்தில் கிழக்குப் பக்கம் ஒரு கட்டம் போட்டார்கள். தேடுதல் விமானம் அங்கே போயிற்று.

மறுபடி போன் கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆன்றணி எடுத்ததும், எந்தப் பக்கம் தேடுகிறார்கள் என்றுதான் கேட்டார். கிழக்கே என்றேன்.

"கெழக்கயா? கெழக்க எதுக்கு மக்ளே? கச்சான் அடிக்கச்ச வள்ளம் எங்ககூடத்தான கெடந்துது. வாடை வந்த பொறவுல்லா அத்துது?"

"கச்சான்னா என்ன அங்கிள்?"

 கப்பல் எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"காத்து மக்ளே. மேக்கேருந்து அடிக்கது கச்சான். வடக்கேருந்து அடிக்கது வாடை. நீ தமிழ்தான பேசுத?"

நான் ராவத் சாரிடம் திரும்பிச் சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் திட்டவில்லை. ஒரு தடவை என்னைப் பார்த்தார், ரப்பரை எடுத்தார், கட்டத்தை அழித்துத் தெற்கே வேறொன்று போட்டார். விமானத்தைத் திருப்பச் சொன்னார்கள். மணி மூன்றரை ஆகப்போயிற்று. ஜனவரியில் எங்கள் ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் வெயில் செத்துவிடும். இருட்டும்வரை தேடினார்கள். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மிதாலிதி என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். "பய் பாஷ் நா," பயப்படாதே என்று முதுகைத் தட்டினார். நான் பயப்படவில்லை என்பதுதான் எனக்கே விசித்திரமாக இருந்தது. வாடை என்ற சொல்லை வாய்க்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில், வாடை என்றால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "ஏன், எங்கேயாவது எலி செத்துக் கிடக்கா?" என்றாள். எனக்கு யார்மேல் கோபம் வருவது என்று தெரியவில்லை.

மறுநாள் பொங்கல். அம்மா முறைக்க முறைக்க அலுவலகத்துக்குப் போனேன். பத்து மணிக்குச் செய்தி வந்தது. படையின் கப்பல் தெற்கே வள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டது. உள்ளே ஒருவர்தான் இருந்தார். ஆன்றணியின் அண்ணன்.

பிற்பகல் அந்தக் கப்பலில் இருந்த அவரிடம் போனில் பேசச் சொன்னார்கள். நேற்றுப் பேசியவளே பேசட்டும் என்றார் ராவத் சார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஆன்றணியின் அண்ணனுக்குக் குரல் வறண்டிருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நேத்து பொழுது அடையுத நேரம். மேக்க ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது. கப்பலாக்கும்னு பீட்டரு சொன்னான். வேண்டாம்டேன்னேன். கேக்கல்ல. சட்டையக் கழத்தி வச்சிட்டுச் சாடிட்டான்."

"சாடிட்டான்னா என்ன அங்கிள்?"

"குதிச்சிட்டான் பிள்ளே."

தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாளில் கற்றுக்கொண்டுவிட்டேன். நேற்று சூரியன் மறையும் நேரத்தில் குதித்திருக்கிறார், மேற்குப் பக்கமாக நீந்தியிருக்கிறார் என்று சொன்னேன். ராவத் சார் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் வரைபடத்தில் நேற்று அழித்த கட்டத்தைப் பார்த்தார். பீட்டரை மேலும் சில நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

என் இரண்டு வாரம் முடிந்த அன்று, ராவத் சார் தானாகவே வந்து சொன்னார். அந்த நாற்பது நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது, அந்த வெளிச்சத்தில் அவ்வளவு சின்ன வள்ளம் மேலிருந்து தெரிந்திருக்காது என்றார். உண்மையாக இருக்கலாம். நல்ல மனிதர் என்பதால் சொன்னதாகவும் இருக்கலாம். பள்ளிக்கு நான் எழுதிய அறிக்கையில் விசில்களைப் பற்றி ஒரு பக்கம் வேடிக்கையாக எழுதியிருந்தேன். டீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள். வள்ளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆன்றணி எங்கள் வீட்டு எண்ணை எப்படியோ வாங்கி வைத்திருந்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு லேண்ட்லைன் அடித்தது. அம்மா எடுத்து, யாரோ மக்ளே மக்ளே என்கிறார்கள் என்று என்னிடம் நீட்டினாள். அடுத்த வருஷமும் பேசினார், தன் எண்ணையும் கொடுத்தார். அண்ணன் கடலுக்குப் போவதில்லை, பேத்தி பிறந்திருக்கிறாள், இங்கே நல்ல மழை. பீட்டர் பேச்சு வராது. நானும் எடுக்கமாட்டேன்.

மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு ஆன்றணி கொஞ்சம் பேசிவிட்டு, இருங்க மக்ளே, ஒராளு பேசணும்னு நிக்குது என்று போனை யாரிடமோ கொடுத்தார். ஒரு பெண் குரல். பீட்டரின் மனைவி.

"பிள்ளே, ஒண்ணு கேக்கட்டா? அவரு எந்தப் பக்கமா நீந்திப் போனாருன்னு அந்த ஆபீஸ்ல எழுதி வச்சிருப்பாவளா? இங்க அண்ணன்கிட்ட கேட்டா வாயே தொறக்க மாட்டேங்காவ."

எழுதி வைத்திருந்தார்கள். நான் சொல்லித்தான் எழுதினார்கள். மேற்கு. ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அடுத்த கேள்வி வரும் என்று தோன்றியது. எத்தனை மணிக்கு, ஏன் அதுவரை யாரும் வரவில்லை என்று.

"தெரியல அக்கா. கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

"கேட்டுச் சொல்லு பிள்ளே," என்றார். போன் வைக்கப்பட்டது.

அடுத்த கோடையில் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது லேண்ட்லைனையும் ஒப்படைத்துவிட்டோம். அப்பாவும் அம்மாவும் கும்பகோணம் போனார்கள், நான் படிக்க இங்கேயே தங்கி, பிறகு செக்டர் ஃபைவில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அந்தக் குவார்ட்டர்ஸ் கட்டிடங்களை இடித்துவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மாற்றலாகிப் போய்விட்டன. ராவத் சார் எந்தக் கரையில் இருக்கிறாரோ. மிதாலிதி தன் மகளோடு புனேயில் இருப்பதாகக் கேள்வி. நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் தைரியம் வந்து, ஆன்றணியின் எண்ணைத் தேடியெடுத்து அடித்தேன். அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. ஊர்ப் பெயர் கேட்டு வைத்திருக்கவில்லை. அந்த அக்காவின் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.