அம்மா நடந்தால் கத்திய மெஷின்

எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரிக்கு இரும்பு பார்க்கிற மெஷின் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வெளிநாட்டில் யாரோ தேயிலைக்குள் ஓர் ஆணியைக் கண்டெடுத்து எழுதிப் போட்டிருந்தார்களாம். அதனால் மூட்டை கட்டுவதற்கு முன்னால் தூளெல்லாம் ஒரு பெல்ட்டில் ஊர்ந்து, ஜன்னல் போலத் திறந்திருந்த ஒரு வெள்ளைக் கூட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். தூளில் ஊசி முனை அளவு இரும்பு இருந்தாலும் மெஷின் கத்தும், பெல்ட் நின்றுவிடும்.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பிறகு சும்மாவும் கத்த ஆரம்பித்தது. நின்ற இடத்துத் தூளை அள்ளிக் காந்தத்தை விட்டுத் துழாவினால் ஒன்றும் இருக்காது. சில நாள் காலை முழுக்க வாயைத் திறக்காது. சில நாள் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா முதலில் பொம்பளைகளைத்தான் சந்தேகப்பட்டார். வளையல், மெட்டி, கொண்டை ஊசி, ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போடச் சொன்னார். மெஷின் அதற்கும் மசியவில்லை. கடைசியில் அவர் ஒன்றைக் கவனித்தார். அம்மா வேலைக்கு வராத இரண்டு நாளும் அது கத்தவே இல்லை.

அம்மா தூள் மூட்டையைத் தூக்கிவந்து பெல்ட்டில் கொட்டுகிறவள். கூட வேலை செய்தவர்களுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று.

"ஏக்கா, காலையில ஆணியக் கரைச்சா குடிச்சிட்டு வர்ற?"

"ஆமாடி, ஒனக்கும் ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிருக்கேன், வா."

ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அம்மா திரும்பவும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவால் மலையேற முடியாது. கொழுந்துக் கூடையோடு தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்ததிலிருந்து அவளுடைய வலது முழங்கால் சரியாக மடங்காது. பதுளை ஆஸ்பத்திரியில் காட்டவில்லை, காட்டினால் தோட்டத்துக்குக் கடிதம் போகும் என்ற பயம். எப்படியோ கெஞ்சி பெக்டரிக்குள் மாறிக்கொண்டாள். ஐயா இருக்கும்போது நின்ற இடத்தை விட்டு நகர மாட்டாள். நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் அவள் நொண்டுவது தெரியும். பெக்டரியில் யாருக்கும் தெரியாது. இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே ஆட்கள்தான்.

வேலைக்கு லாயக்கில்லை என்றால் தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் இருந்தால்தான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. ஆளும் வரவில்லை, தகவலும் இல்லை. அவர் பேரை எப்போதோ வெட்டியாயிற்று. மிச்சமிருந்தது அம்மா பேர் ஒன்றுதான்.

அதனால்தான் அம்மா லுணுகலையில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்த தன் தம்பியை வரவழைத்தாள். மெஷின் கம்பெனிக்காரன் கொழும்பிலிருந்து வர இரண்டு வாரமாகும் என்பதால் ஐயாவும் சரி, பார்க்கட்டும் என்றார். மாமா வந்தால் நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பது வாத்தியாருக்கே தெரியும். நானும் அவரோடு பெக்டரிக்குப் போனேன்.

முதல் நாள் மாமா மெஷினைக் கழற்றிக் குடலையெல்லாம் வெளியே போட்டார். மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சோதிப்பதற்கென்று கொடுத்திருந்த இரும்பு வைத்த குச்சியை விட்டார், கத்தியது. எடுத்தார், நின்றது. மத்தியானம் வரைக்கும் தூளை ஓட்டினார். ஒரு சத்தமில்லை. செத்துப்போன மெஷினைக் கூடப் பிழைக்க வைத்துவிடலாம், ஆள் பார்க்கும்போது நல்லபிள்ளையாக இருக்கிற மெஷினை ஒன்றும் செய்ய முடியாது என்று தலையைச் சொறிந்தார். பிறகு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூப்பிட்டு மூட்டையைத் தூக்கச் சொன்னார். இரண்டாவது மூட்டைக்குக் கத்தியது.

"என்னக்கா இது, சொல்லி வச்ச மாதிரி கத்துது" என்றார் மாமா.

அதே மூட்டையை வேறொருத்தி தூக்கினாள், கத்தவில்லை. அம்மா மெஷின் பக்கத்தில் சும்மா நின்றாள், கத்தவில்லை. அன்று பொழுது அப்படியே போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. மாமா மெஷினைத் தொடவேயில்லை. மூட்டை கட்டும் அறைக்குப் பலகைத் தரை. அதில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டு, பொம்பளைகளை ஒவ்வொருத்தராக நடக்கச் சொன்னார். நானும் பக்கத்தில் படுத்தேன். பலகையில் தேயிலை வாசம் அடித்தது. எல்லாருடைய நடையும் ஒரே சீராக வந்து போனது. அம்மாவுடையது அப்படி இல்லை. ஓர் அடி மெல்ல விழுந்தது, அடுத்தது முழு உடம்பும் சேர்ந்து விழுந்தது. மெஷினுக்கு முன்னால் இருந்த பலகையில் அந்தக் கனத்த அடி விழுந்ததும் மெஷின் கத்தியது.

மாமா பலகையைப் பெயர்த்தார். அடியில் மெஷினுக்குப் போகிற வயரெல்லாம் சேரும் சின்னப் பெட்டி ஒன்று பலகையோடு சேர்த்து அறையப்பட்டிருந்தது. அதற்குள் எர்த் வயரின் ஸ்குரூ கழன்று, வயர் சும்மா சாய்ந்து கிடந்தது. பலகை அதிர்ந்தால் விலகும், உடனே பழைய இடத்துக்கு வந்துவிடும். மாமா ஸ்குரூவை இறுக்கினார். பலகையை மூடி அம்மாவை நடக்கச் சொன்னார். பத்துத் தடவை நடந்தாள். ஒரு சத்தமில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

ஐயா வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

"எலிங்க ஐயா. வயரக் கடிச்சிருக்கு" என்றார் மாமா.

"எலி கடிச்சா இவ வர்றப்ப மட்டும் எப்படிக் கத்தும்?"

மாமா ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த மனுஷன் சொல்லத் தெரியாமல் நிற்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"எலி இல்லைங்க ஐயா. எங்கம்மா நொண்டி நொண்டி நடக்கும். அப்ப பலகை ஆடும். வயர் விட்டுப் போகும். அதான் கத்துச்சு" என்றேன்.

ஐயா குனிந்து பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்று தலையில் தட்டினார். அம்மாவைக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"எத்தன நாளா?"

"நேத்துத்தான் பெரண்டுக்கிச்சுங்க ஐயா. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"அந்தச் செவுரு வரைக்கும் நடந்துட்டு வா, பாப்போம்."

அம்மா நடந்தாள். நேராக, ஒரே சீராக, இரண்டு காலும் ஒரே மாதிரி விழ நடந்தாள். தூள் சலித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மேலுதட்டில் வியர்வை துளித்துளியாக நிற்க, அம்மா திரும்பி வந்தாள்.

"இன்னொரு தடவ" என்றார் ஐயா.

இன்னொரு தடவையும் அதே மாதிரி நடந்தாள். திங்கட்கிழமை தோட்டத்து டிஸ்பென்சரியில் காலைக் காட்டிவிட்டு வேலைக்கு வரச் சொல்லி, ஐயா சட்டைப் பையிலிருந்த சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

டிஸ்பென்சரியில் முழங்காலை அமுக்கிப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பேரை வெட்டினார்கள். அதற்கடுத்த மாதம் காம்பராவைக் காலி செய்து மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குப் போனோம். பள்ளிக்கூடம் எனக்கு அத்தோடு முடிந்தது. பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மாமா என்னைத் திட்டவில்லை. பையைக் கட்டிக்கொண்டு, பஸ் போய்விடும் என்று தேத்தண்ணி கூடக் குடிக்காமல் கிளம்பினார். அதற்குப் பிறகும் இரண்டு பஸ் இருந்தது. என்னை ஒரு வார்த்தை பாராட்டாமல் போகிறாரே என்று எனக்குக் கோபம்.

நானும் அம்மாவும் பெக்டரி ரோட்டில் இறங்கினோம். பின்னால் பெக்டரி ஜன்னல்கள் திறந்திருந்தன. அம்மா அப்போதும் நொண்டாமல் நடந்தாள். அவள் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். முடக்குத் திரும்பி பெக்டரி மறைந்ததும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ போயி அடுப்பப் பத்த வையி. நான் பின்னால வர்றேன்."

நான் ஓடினேன். மெஷினோடு சேர்த்து அம்மாவின் காலையும் மாமா சரிசெய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடுப்பைப் பற்ற வைக்காமல், லயத்தில் ஒவ்வொரு வாசலாகப் போய், அம்மாவுக்குக் கால் நல்லாயிருச்சு, ஐயா முன்னாலேயே நடந்து காட்டினாள் என்று சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர்கூடச் சந்தோஷப்படவில்லை. எல்லாருக்கும் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.