இலையில் என்ன வைப்பது?

செய்தி வந்தபோது நான் கிடங்கில் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "பெரிய கிராணி தவறிட்டாரு லா" என்றார் காவல்காரர். யார் என்று கேட்டேன். எங்களுக்கு இருந்தது ஒரே பெரிய கிராணிதான். மிச்ச மூட்டைகளையும் பார்த்து முடித்துவிட்டே கிளம்பினேன். கை தானாக வேலை செய்தது.

திரு. சின்னையா பிள்ளை அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டிகளின் ஊரான காஜா பெராங் கம்போங் செட்டியில் பிறந்தவர். வீட்டில் மலாய்தான், தமிழை எங்களோடு பழகித்தான் பிடித்துக்கொண்டார். மலாக்கா ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் கப்பல் சரக்கு அலுவலகத்தில் இளவட்டமாகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக, எங்கள் பேச்சில் பெரிய கிராணியாக, உயர்ந்தவர்.

எனக்கு மகள் பிறந்த புதிதில், மாலை ஆனால் போதும், பிள்ளை அவர்கள் என் மேசையருகே வந்து நிற்பார்கள். "வீட்டுக்குப் போ லா, தம்பி. புள்ள உன்னைப் பார்த்தா யாரோன்னு அழும்" என்று விரட்டுவார்கள். மிச்ச வேலையை அவர்களே முடிப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சலா, மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஒருவருக்குப் பந்தாட்டமா, அதற்கும் அனுமதி. எங்கள் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் ஒழுங்காக நடந்தன.

மெர்டேக்கா என்னும் சுதந்திரம் நெருங்கியதும் வெள்ளைக்கார மேலாளர் கப்பலேறிப் போனார். அவருடைய வேலையும் பிள்ளை அவர்களின் தலையில் விழுந்தது. "நம்ம ஆளுங்களால முடியாதுன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது, தம்பி" என்றார்கள். ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "மெர்டேக்கா வரட்டும், படுத்துத் தூங்குறேன்" என்று சிரித்தார்கள். மெர்டேக்காவும் வந்தது. ஊரே திடலில் கூடி ஆர்ப்பரித்தது. பிள்ளை அவர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தார்கள். எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஒரு நாள் பூட்டிவிட்டுப் போயிருந்தால் கப்பல் கவிழ்ந்தா போயிருக்கும்? சில மாதங்களில், வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிய பிள்ளை அவர்கள் அப்படியே சாய்ந்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைக்க வேண்டும். பிள்ளை அவர்களின் மனைவி அடுப்படியிலிருந்து வந்து என்னைத் தனியே அழைத்தார்.

"டியா சுகா மக்கான் அப்பா?" என்றார் மலாயில்.

அவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? மனைவி என்னைக் கேட்கிறார்.

"விடியறதுக்குள்ள போவாரு. பிள்ளைங்க தூங்கினப்புறம் வருவாரு. எதை வச்சாலும் ரெண்டு வாய் தின்னுட்டு எழுந்துடுவாரு" என்று மலாயிலேயே சொன்னார். "மத்தியானம் உங்ககூடத்தானே சாப்பிட்டாரு?"

இல்லை. நாங்கள் கடைக்குப் போவோம். அவர்கள் கறுப்புக் கோப்பியில் பிஸ்கோத்தை நனைத்துத் தின்றபடி வேலை பார்ப்பார்கள். அது பிடித்துத் தின்றதா, நேரமில்லாமல் தின்றதா? அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவர் அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நானும் அழவில்லை. அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பிறகு இலை போட்டார்கள். மீன் குழம்பு, சம்பால், கத்தரிக்காய், கோழி, பலகாரங்கள்; அந்த அம்மாவுக்குச் சமைக்கத் தெரிந்த எல்லாவற்றிலும் கொஞ்சம். ஒரு இலை போதாமல் இன்னொன்றைச் சேர்த்து விரித்தார்கள். "ஏதாவது ஒண்ணு பிடிக்கும்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். இறந்தவர் வந்து உண்ணட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

பிள்ளை அவர்களே, உள்ளே யாரும் வர மாட்டார்கள். நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.