கிணற்று மீனுக்குப் பத்தியம்

1. மாடியில் காய்ச்சல்

காய்ச்சல் வந்தது மாடியில். எங்கள் கவலையெல்லாம் கீழ்வீட்டைப் பற்றி.

மந்தைவெளியில் ஒரு குறுக்குத் தெரு, பழைய வீடு. மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர், தி. நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். குளிர்க்காய்ச்சலோடு எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா பாசிட்டிவ். அந்த வார்டுக்கு நான்தான் அப்போது சுகாதார ஆய்வாளர்.

ஒரு பாசிட்டிவ் வந்தால் மாத்திரை கொடுப்பதோடு வேலை முடியாது. அவரைக் கடித்த கொசு எந்தத் தண்ணீரில் பிறந்தது என்று தேடிப் போக வேண்டும். அந்தத் தண்ணீருக்குத் துறையில் ‘சோர்ஸ்’ என்று பெயர். நானும் களப்பணியாளர் தனசேகரும் கிளம்பினோம். தனசேகர் பட்டினப்பாக்கத்துக்காரர். டார்ச், கரண்டி, மருந்து டப்பா எல்லாம் அவர் சைக்கிளிலேயே இருக்கும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இருந்தது. பின்பக்கம் கிணறு. அதன் மேல் நைலான் வலை கட்டியிருந்தார்கள். வாளி இறங்குவதற்காக வலையின் நடுவில் வாளியைவிடப் பெரிய ஓட்டை. தனசேகர் வாளியைச் சாய்த்து இறக்கிச் சுவரோரமாக மொண்டார். தண்ணீர் அசைவு நிற்கும்வரை காத்திருந்தோம். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். மலேரியா கொசுவின் புழு நல்ல தண்ணீரில், மேல்மட்டத்தில் படுத்து மிதக்கும். இந்த வாளியில் எல்லாம் படுத்துக் கிடந்தன.

“கீது சார்,” என்றார் தனசேகர். “பள்ளிக்கூடமே நடத்திக்கினு கீது.”

நான் நிமிர்ந்தபோது கொல்லைக் கதவருகே ஓர் இளம்பெண் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்காரர்களின் மகள் வசுதா. முதல் பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. வாளியிலிருந்து அவள் நின்ற இடம் பத்தடி தூரம்கூட இல்லை.

2. மூன்று யோசனைகள், மூன்று மறுப்புகள்

வசுதாவின் அம்மா ஜெயலட்சுமி மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மகளை உள்ளே போய்க் கொசுவலைக்குள் படுக்கச் சொன்னார். பிறகு என் யோசனைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

முதலில் மருந்து. குடிதண்ணீரில் ஊற்ற அனுமதிக்கப்பட்ட மருந்துதான் என்று விளக்கினேன். பிள்ளைத்தாச்சி குடிக்கிற ஜலத்தில் மருந்து வேண்டாம் என்றார். அடுத்தது, கிணற்றை இறுக்கமாக மூடி மோட்டார் போடுவது. அதற்கும் இடமில்லை. தினமும் காலையில் அவரே கையால் இறைத்த தண்ணீரில்தான் வீட்டுப் பெருமாளுக்குத் திருமஞ்சனம். கிணற்றில் வெயில் பட வேண்டும், கயிறு இறங்க வேண்டும்.

மூன்றாவது, மீன். கம்பூசியா என்று ஒரு சிறிய மீன், விரல் நீளம்கூட இராது. கொசுப்புழுதான் அதற்குச் சாப்பாடு. அதை வளர்த்துக் கிணறுகளில் விடுவது எங்கள் வழக்கம்.

“மீனா? எங்காத்துக் கிணத்துலயா?” என்றார் மாமி.

முன்னறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் கணவர் பத்மநாபன் முதன்முறையாக வாய் திறந்தார். “மத்ஸ்யாவதாரம் எடுத்தவரைத்தானே தினம் சேவிச்சிண்டிருக்கே?”

“அவர் அவதாரம் எடுத்தார். கிணத்துக்குள்ள வந்து குடித்தனம் பண்ணலை.”

பேப்பர் மறுபடி உயர்ந்தது.

நான் பேசாமல் இருந்தேன். இந்த வேலையில் நான் கற்ற முதல் விஷயம், வீட்டுக்காரர் யோசிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது. ஆனால் தனசேகருக்கு மௌனம் ஒத்துவராது. அந்த மீன் முட்டை போடாது, நேராகக் குட்டிதான் போடும், மாமி கவலைப்பட வேண்டாம் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவைத்தார்.

“முட்டை கிடையாதா?” மாமி திரும்பினார்.

“கெடயாது மாமி. டைரக்ட் டெலிவரி.”

மாமியின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். கோயில் குளத்து மீனாக இருந்தால் சரி. அதுவும் பிளாஸ்டிக் பக்கெட்டில் வரக்கூடாது. உள்ளே போய்ப் பளபளவென்று ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

3. குளத்தங்கரை

தெருமுனை திரும்பியதும் தனசேகர் சைக்கிளை நிறுத்தினார். “சார், நம்ம ஆபீஸ் தொட்டில கீற மீனே போதும். கொளத்து மீனுன்னு சொல்லிக்கலாம். மீனு இன்னா வாயத் தொறந்து சொல்லப் போவுதா?”

“மீன் சொல்லாது தனசேகர். நீங்க சொல்லிடுவீங்க.”

அவர் மறுக்கவில்லை. கோயில் அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டோம், கொடுத்தார்கள். ஆனால் அந்தச் செய்தி குளத்துக் காவலாளிக்குப் போய்ச் சேரவில்லை. நாங்கள் கடைசிப் படியில் குனிந்து சல்லடையைத் தண்ணீரில் விட்டதும் மேலிருந்து சத்தம் வந்தது.

“இன்னா நைனா, கோயில் மீனுல கை வைக்கிற?”

“போன மழைக்கு இதுங்கள இங்க உட்டதே நாங்கதான் நைனா,” என்று தனசேகர் அண்ணாந்து பதில் சொன்னார். “பெத்த புள்ளைங்கள கூட்டிக்கினு போறோம்.”

அது உண்மை. அந்தக் குளத்தில் கம்பூசியாவை விட்டது எங்கள் துறைதான். எங்கள் தொட்டியிலிருந்து புறப்பட்ட மீன், ஒரு வருடம் குளத்தில் இருந்துவிட்டு, மாமி வீட்டுக்குத் தகுதி பெற்றிருந்தது. இதை மாமியிடம் மறைக்கவில்லை. அதனால் என்ன, குளத்தில் இருந்த புண்ணியம் இருக்கிறதே என்றார்.

திரும்பும்போது குடம் தனசேகரின் சைக்கிள் கேரியரில். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏதோ அபிஷேகத் தீர்த்தம் போகிறது என்று நினைத்து எதிரே வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தனசேகர் மிகுந்த பக்தியோடு பெடலை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

4. வளையல் சத்தம்

மீன் விட்டபின் வாளியில் புழு குறைந்தது. அடுத்த முறை போனபோது ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த முறை மறுபடியும் இருந்தன, படுத்தபடி.

எனக்குப் புரியவில்லை. மீன்கள் செத்திருக்க வேண்டும் என்று நினைத்தோம். கிணற்றை எட்டிப் பார்த்தால் ஒன்றும் தென்படவில்லை. வசுதாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. மாடிக்காரர் குணமாகிவிட்டார், ஆனால் தெருவில் இன்னொரு வீட்டில் புதிதாக ஒரு பாசிட்டிவ் வந்திருந்தது.

அப்போது மாமி வெளியே வந்து கிணற்றுச் சுவரில் கை வைத்துக் குனிந்தார். அவருடைய வளையல்கள் சுவரில் பட்டுக் கலகலத்தன. அடுத்த கணம் மீன்கள் அத்தனையும் மேலே வந்து மொய்த்தன. நல்ல கொழுத்த மீன்கள்.

கொசுப்புழு தின்னும் மீன் வளையல் சத்தத்துக்கு மேலே வராது. யாரோ சாப்பாடு போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். மாமியிடம் கேட்டேன். கூச்சமில்லாமல் சொன்னார்.

“தினம் தளிகை ஆனதும் ஒரு பிடி சாதம் போடறேன். வயிறு ரொம்பிடுத்துன்னா புழுவைத் திங்க வேண்டாம் பாருங்கோ. கோயில் குளத்துல இருந்ததுகள். நம்மாத்துக்கு வந்தப்புறம் அதுகளுக்கு எதுக்கு இந்தப் பாவம்?”

தனசேகர் என் பக்கம் சாய்ந்தார். “மீன சைவத்துல சேத்துட்டாங்க சார்.”

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தடைகளைப் பார்த்திருக்கிறேன். நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள், வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டில் யாருமில்லை என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். கருணையால் வந்த தடை இது ஒன்றுதான். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது வசுதா கதவுக்கு வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“அம்மா, நீ சாதம் போடறே. மீன் புழுவை விட்டுடறது. புழு கொசுவா மாறி மேல வர்றது. அப்புறம் அது யாரைத் தேடிண்டு வரும்? உன் புண்ணியம் பூரா என் கால்லதான் வந்து உக்கார்றது.”

மாமி மகளின் வீங்கிய கால்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கிணற்றுக்கென்று எடுத்து வைத்திருந்த சாதக் கிண்ணத்தைக் கொண்டுவந்து காக்கைக்கு வைத்தார்.

“சரி. இன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பத்தியம். உனக்கு ஊறுகாய் கிடையாது. அதுகளுக்குச் சாதம் கிடையாது.”

அது அவருக்கு எளிதாக இல்லை என்பதை அடுத்த வருகையில் பார்த்தேன். வளையல் சத்தம் கேட்டதும் மீன்கள் மேலே வந்து காத்திருக்கின்றனவாம். பார்க்கப் பொறுக்கவில்லையாம். அதனால் தண்ணீர் இறைக்கும்போது வளையல்களை மேலேற்றி, சத்தம் வராமல் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். வாளியையும் மெதுவாகத்தான் இறக்கினார்.

தனசேகர் மொண்டு பார்த்தார். புழு குறைந்திருந்தது. பிறகு ஒன்றுமே இல்லை.

இடையில் ஒரு நாள் வசுதாவுக்கு உடம்பு சுட்டது. மாமா பத்மநாபன் பேப்பர் இல்லாமல் எங்கள் நிலையத்துக்கே ஓடிவந்தார். வீட்டுக்குப் போய் வசுதாவின் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்து, லேப் டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிக்கும்வரை நானும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நெகட்டிவ். வெறும் ஜலதோஷம். மாமா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு லேப் டெக்னீஷியன் கையையும், கடைசியில் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர் கையையும்.

பெண் குழந்தை பிறந்தது. தாய், சேய் இருவரும் நலம். அந்த வாரம் நாங்கள் போனபோது தனசேகர் வாளியை எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வாளிக்குள் கொசுப்புழு இல்லை. கடுகளவு கண்களோடு மீன் குட்டிகள் நீந்திக்கொண்டிருந்தன.

“மாமி, கெணத்துலயும் டெலிவரி ஆயிப்போச்சு,” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அன்று எங்களுக்கு அக்காரவடிசல் கிடைத்தது. தனசேகர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

5. இப்போது

ஓய்வுக்குப் பிறகு அபிராமபுரத்தில் மகனுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே கொசு என்றால் எல்லோருக்கும் புகை அடிக்க வேண்டும். புகை வந்தால்தான் வேலை நடந்ததாக நம்பிக்கை. புகை பறக்கிற கொசுவைக் கொல்லும். ஃப்ரிட்ஜின் பின்தட்டில் பிறக்கப்போவதை ஒன்றும் செய்யாது. இதைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பத்துப் பேர் கைகூப்பினார்கள், ஒருவர் தட்டைக் கழுவினார். அந்த ஒருவர் போதும் என்பது என் கட்சி.

இந்தக் காலத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்பு நாங்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினோம். இப்போது கல்லூரிப் பெண்கள் மணி பிளாண்ட் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பி, “அங்கிள், இது படுத்திருக்கா, தொங்குதா?” என்று கேட்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் ஆய்வு நடக்கிறது. என் முழங்கால்களுக்கு இது பெரிய வளர்ச்சி.

போன மாதம் மந்தைவெளி ஸ்டேஷன் பக்கம் போனபோது அந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். பழைய வீடு இல்லை. நான்கு மாடி நிற்கிறது. ஆனால் பின்பக்கம் கிணறு இருந்தது. இடிப்பதற்கு முன் பில்டரிடம் மாமி போட்ட ஒரே நிபந்தனை அதுதானாம், கிணற்றில் கை வைக்கக்கூடாது. இப்போது மழைநீரும் அதில்தான் இறங்குகிறது. புதிய வலை, ஓட்டையில்லாமல், பக்கத்தில் வாளி இறங்க ஒரு சிறிய கதவோடு.

வலையில் ஒரு தகரப் பலகை தொங்கியது. கணக்கு டீச்சரின் நேரான கையெழுத்தில்:

‘மீன்களுக்கு எதுவும் போடாதீர்கள். அவை வேலையில் இருக்கின்றன.’

படித்துக்கொண்டு நின்றபோது முதல் மாடி பால்கனியிலிருந்து மாமி என்னைப் பார்த்துவிட்டார். மேலே வரச் சொன்னார். மாமா பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். வசுதாவின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள், பாட்டியைவிட உயரம். காலையில் தண்ணீர் இறைப்பது இந்தக் கோடையில் அவள் பொறுப்பாம்.

மருந்து, மூடி, மீன் என்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். வேலையை முடித்தது மூன்றும் அல்ல. மாமியின் பிடிவாதம் ஒரு நாள் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அது வந்து சேரும்வரை அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பதுதான் சுகாதார வேலை.

இதை மாமியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தட்டு நிறைய வடையை என் முன்னால் வைத்தார். இவ்வளவு வேண்டாம் என்றேன்.

“மீனுக்குத்தான் போடப்படாது,” என்றார் மாமி. “நீங்க ரிடையர் ஆயாச்சே. சாப்பிடுங்கோ.”