ஆற்றுச் சுவரின் ஒன்பது துவாரங்கள்

பாம்பைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த ஒரு பயத்தை அடக்கப் போய்த்தான் நாற்பது பேரை, இடியப் போகும் ஒரு சுவரின் அடியில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். வருஷங்கள் எத்தனையோ ஆகிவிட்டன. இப்போதுதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஆற்றை ஒட்டி நின்ற ஒரு பழைய சத்திரத்தைப் புதுப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. இன்ஜினியராக நான் தனியே எடுத்துச் செய்த முதல் வேலை. திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் தங்கி இளைப்பாறுவதற்காக, நிலபுலன் உள்ள ஒரு குடும்பம் எந்தக் காலத்திலோ கட்டிவிட்டது. தெருவிலிருந்து நாலு படி கீழே இறங்கினால் பெரிய கூடம், அதற்கு மேலே மச்சு. கூடத்தின் பின்சுவர்தான் ஆற்றுச் சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டு முழக் கனம். அதில் வாசலோ ஜன்னலோ கிடையாது. தரையை ஒட்டி, ஒரு சாண் அகலத்தில், கல்லால் சட்டமிட்ட ஒன்பது துவாரங்கள் மட்டும் இருந்தன.

அளவெடுத்து வரைந்தபோது அந்தத் துவாரங்களின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். கூடத்தைக் கழுவிவிட என்றால் ஒன்று போதுமே, ஒன்பது எதற்கு? யாரையாவது கேட்டிருக்கலாம். அதற்குள் ஒருநாள் மத்தியானம் ஒரு துவாரம் வழியாகத் தண்ணீர்ப் பாம்பு உள்ளே வந்துவிட்டது. இன்ஜினியரம்மா மச்சுப் படியில் ஏறி நின்று கத்தியதைக் கொத்தனார்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாளே ஒன்பதையும் செங்கல் வைத்துச் சிமெண்டால் அடைக்கச் சொன்னேன். இறுதி வரைபடத்தில் கேள்விக்குறியும் இல்லை.

வேலை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மழை விடாமல் பெய்து, ஒருநாள் காலையில் ஆறு வாழைத் தோட்டங்களைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. நானும் என் மூன்று வயது மகளும் குடியிருந்த அந்தத் தெருவில் பாதி மண்சுவர் வீடுகள். எங்கே போவது என்று கேட்டவர்களுக்குச் சத்திரத்தைக் காட்டியது நான்தான். நாற்பது பேர் போனோம். முனைக்கடை அண்ணாச்சி தன் அரிசி மூட்டைகளையும் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கினார். தெருவில் தண்ணீர் ஆளை இழுக்கத் தொடங்கியதும் வாசலை அடைத்து மணல் மூட்டை போட்டோம். இனி வெளியே போக வழியில்லை.

ஆற்றுச் சுவரை ஒட்டிப் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். அந்தப் பக்கம் ஆறு உரசிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை. அண்ணாச்சி தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, வேலைன்னா இதுல்லா வேலை என்று என்னைப் புகழ்ந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மகள் சிணுங்கினாள் என்று தூக்கினேன். கவுனின் முதுகுப் பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது. சுவரில் கை வைத்தேன். கை ஈரமாகத் திரும்பியது. நான் அடைத்த இடங்களைச் சுற்றிப் பூச்சு உப்பியிருந்தது. மூலையிலிருந்து ஒரு விரிசல் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. காலையில் அது இல்லை.

அங்குலம் அங்குலமாக நானே அளந்த கட்டிடம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. விளக்கு மாடங்கள் எல்லாம் நெஞ்சுக்கு மேலே இருந்தன. வாசல் நிலை அந்த உயரம்வரை கல், அதற்கு மேல்தான் மரம். நெல் வைக்கும் பத்தாயம் மச்சில். கட்டியவர்கள் தண்ணீரைத் தடுக்க நினைக்கவே இல்லை. வெள்ளமும் ஒரு வழிப்போக்கன், வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒன்பது வழி விட்டிருந்தார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றால் சுவர் தாங்கும். நான் வழியை அடைத்து, ஆற்றின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றிவிட்டேன். சுவர் போனால் மச்சும் போகும், நாங்களும் போவோம்.

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தேன். அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார்.

“ஏம்மா, வெளிய நிக்கிற வெள்ளத்த நீங்களே உள்ள கூப்பிடுதீங்களா?”

சுவர் விழுவதைவிட, அத்தனை முகங்களுக்கு முன்னால் என் தவறைச் சொல்வதுதான் அந்த நிமிஷம் பெரிய பயமாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

“இது அடைக்கக் கூடாத ஓட்டை, அண்ணாச்சி. நாந்தான் தெரியாம அடைச்சிட்டேன். தொறக்கலைன்னா சுவரு விழுந்துரும்.”

அவர் விரிசலைப் பார்த்தார். தன் மூட்டைகளைப் பார்த்தார். பிள்ளைகளை மச்சுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

நாலாவது இடியில் முதல் அடைப்பு தெறித்தது. செந்தண்ணீர் பீய்ச்சி அவரை மல்லாக்கத் தள்ளியது. எழுந்து அடுத்ததற்குப் போனார். மாறி மாறி ஐந்தை உடைத்தோம். அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டதால் மற்ற நாலும் அகப்படவில்லை. மச்சுப் படியில் உட்கார்ந்து விரிசலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இறுக்கிப் பிடித்ததில் மகள் வலிக்கிறது என்று அழுதாள். தண்ணீர் ஏறி ஏறி வந்து, விளக்கு மாடத்துக்கு நாலு விரல் கீழே நின்றது. விரிசல் அதற்குமேல் வளரவில்லை.

மறுநாள் அதே ஐந்து துவாரங்கள் வழியாக வெள்ளம் வடிந்து போனது. அண்ணாச்சியின் அரிசி முழுக்கச் சேறாகிவிட்டது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்தேன். இப்போது எங்கே வேலை என்று விசாரித்தார். தென்காசிப் பக்கம் ஒரு பழைய வீடு, பாதி முடிந்துவிட்டது என்றேன்.

“அங்கன ஒண்ணையும் அடைக்கலையே?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வீட்டின் வரைபடத்தை விரித்து, ஏன் இருக்கிறது என்று எனக்குத் தெரியாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். பதினேழு வந்தது. மறுநாள் காலையில் வேலையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன்.